சாஹாவின் நாள்காட்டி ஏன் நம் சுவருக்கு வரவில்லை?

கேள்வி (20 மார்ச் 2025)

மக்களுக்கு அறிவியல் உண்மையைச் சரியாக எடுத்துச் சொன்னாலே போதும், சமூகம் தானாக மாறிவிடும் என்பது என் கட்சி. சொல்லத்தான் ஆளில்லை. இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் நீங்கள். இதை உங்களால் மறுக்க முடியுமா சார்?

21 மார்ச், காலை

முடியும். நாளைக்குப் புத்தாண்டு, தெரியுமா? சக ஆண்டு 1947, சைத்ர மாதம் முதல் தேதி. இந்திய அரசின் தேசிய நாள்காட்டிப்படி மார்ச் 22 அன்று வருடம் பிறக்கிறது. உங்கள் தெருவில் யாராவது அதற்காகக் கோலம் போட்டால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

அதை வகுத்த குழுவுக்குத் தலைவர் மேகநாத் சாஹா. நட்சத்திரத்தின் நிறமாலையிலிருந்து அதன் வெப்பநிலையைக் கணிக்க 1920-இல் உலகத்துக்கே வழி காட்டியவர். முதல்தர இயற்பியலாளர், பிரதமரின் ஆதரவு, அரசாணை, வானொலி அறிவிப்பு எல்லாம் இருந்தன. 68 வருடம் ஆகிவிட்டது. சொல்ல ஆளில்லாததாலா அது சுவருக்கு வரவில்லை?

21 மார்ச், இரவு

விவரம் கேட்டிருக்கிறார்கள். சரி, கொஞ்சம் நீளமாகப் போகும்.

1952 நவம்பரில் மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. சாஹா தலைவர், என். சி. லாஹிரி செயலாளர். அப்போது நாட்டில் சுமார் 30 நாள்காட்டிகள் புழக்கத்தில் இருந்தன. ஒரே பண்டிகை ஒரு மாநிலத்தில் ஒரு நாள், பக்கத்து மாநிலத்தில் வேறு நாள். புதிய குடியரசுக்கு ஒரே நாள்காட்டி வேண்டும் என்று நேருவும் விரும்பினார். அறிக்கை 1955-இல் வந்தது.

சாஹாவை உறுத்தியது வேறு விஷயம். பூமியின் அச்சு, சுற்றும் பம்பரத்தின் தலை போல மெல்லத் தள்ளாடுகிறது. ஒரு முழுத் தள்ளாட்டத்துக்குச் சுமார் 26,000 வருடம். இதனால் வருடம் என்பதற்கே இரண்டு நீளங்கள் வந்துவிடுகின்றன. சூரியன் ஒரு சம இரவு நாளிலிருந்து (பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்) அடுத்த சம இரவு நாளுக்கு வர 365.2422 நாள். அதே நட்சத்திரத்துக்கு எதிரே திரும்பி வர 365.2564 நாள். வித்தியாசம் இருபது நிமிடம்தான். நம் பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் கொடுக்கும் வருடமோ 365.2588 நாள். பருவங்களோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 24 நிமிடம் கூடுதல். 60 வருடத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். இப்படித் தள்ளித் தள்ளித்தான், ஒரு காலத்தில் சம இரவு நாளோடு ஒட்டியிருந்த மேஷ சங்கராந்தி, அதாவது நம் சித்திரைப் பிறப்பு, இப்போது ஏப்ரல் 14-க்கு வந்து நிற்கிறது. இந்த வருடம் சம இரவு நேற்றே முடிந்துவிட்டது, பிற்பகல் இரண்டரை மணிக்கு. உத்தராயணமும் அப்படித்தான். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நாம் பொங்கல் வைப்பது ஜனவரி 14-ஐ ஒட்டி.

சாஹா குழு இந்த 23 நாள் நழுவலை ஒரே வெட்டில் சரிசெய்தது. சைத்ர 1 என்றால் மார்ச் 22, லீப் வருடத்தில் மார்ச் 21. லீப் அல்லாத வருடத்தில் முதல் மாதத்துக்கு 30 நாள், அடுத்த ஐந்துக்கு 31, மிச்ச ஆறுக்கு 30. வெயில் காலத்தில் பூமி சூரியனைச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது, அந்த மாதங்கள் இயல்பாகவே நீளம். அதைக்கூடக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். 1957 மார்ச் 22 அன்று, சக ஆண்டு 1879-இல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்க்க சாஹா இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பில் இறந்துபோனார்.

நாள்காட்டியாக மட்டும் பார்த்தால் கிரிகோரியனைவிட அழகானது. பிப்ரவரிக்கு மட்டும் 28 என்ற கூத்து இதில் கிடையாது.

22 மார்ச்

சைத்ர 1. எங்கள் தெருவில் கோலம் வழக்கம்போலத்தான்.

ஒரு வேடிக்கை. காசோலையை இந்தியில் எழுதி சக ஆண்டுத் தேதி போட்டிருந்தால் வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. சில வருடம் முன்பு, அப்போது நடந்தது சக 1931, ஒரு வங்கிக் கிளையில் சோதித்துப் பார்த்தேன். இந்தி வாத்தியார் நண்பர் எழுதிக் கொடுத்தார். கவுன்டரில் இருந்த பெண் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காலாவதியாகி எழுபது எண்பது வருஷம் ஆச்சே சார், உங்க தாத்தாவோடதா?" என்று கேட்டார். மேலாளர் வந்தார். "விதி இருக்கு சார், நீங்க சொல்றது சரி. ஆனா கம்ப்யூட்டர் வாங்காது."

வேறு காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

23 மார்ச்

"சாஹா போன்றவர்கள் மேல்தட்டு, ஆங்கிலப் படிப்பு, மக்களோடு தொடர்பில்லாதவர்கள், அதனால்தான் தோற்றார்கள்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. விருப்பக் குறிகளும் நிறைய. இது தவறு.

டாக்கா பக்கம் சேவராதளி என்ற கிராமத்தில் சின்ன மளிகைக் கடைக்காரரின் மகன் அவர். 1893-இல் பிறந்தார். ஊரில் மேல்படிப்புக்குப் பள்ளி இல்லாததால் வேறு கிராமத்தில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. 1905 வங்கப் பிரிவினை சமயத்தில் ஆளுநர் வருகையை எதிர்த்து மாணவர்கள் வெறுங்காலோடு பள்ளிக்குப் போனார்கள். அதில் சாஹாவும் உண்டு. பள்ளியை விட்டு அனுப்பினார்கள், உதவித்தொகையும் போயிற்று. கல்கத்தாவில் ஈடன் இந்து விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்தார்கள். சரசுவதி பூஜையிலும் ஒதுக்கினார்கள். அடித்தட்டு எது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மாணவராக இருந்தபோதே 1913 தாமோதர் வெள்ளத்தில் நிவாரண வேலைக்குப் போனார். 1922-இல் வடக்கு வங்க வெள்ளம், ஆசானான வேதியியலாளர் பி. சி. ராயோடு மறுபடி களத்தில். தண்ணீரில் நின்ற அனுபவம்தான் பிறகு நதிகளைப் பற்றி எழுத வைத்தது. 1943-இல் தாமோதர் மறுபடி உடைத்துக்கொண்டபோது விசாரணைக் குழுவில் உட்கார்ந்தார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானதில் அவருடைய எழுத்துக்கும் வாதத்துக்கும் பெரிய பங்கு.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் கழகம் கட்டிய மைத்தோன், பாஞ்சேத் அணைகளால் நிலம் இழந்தவர்களில் பழங்குடிகள் நிறைய. வெள்ளத்தில் மூழ்கியவர்களைப் பார்த்த சாஹா, அணையால் மூழ்கப்போகிறவர்களை அதே கண்ணால் பார்த்தாரா? அவர் தலைமுறையே பெரிய அணை, பெரிய ஆலை என்று நம்பிய தலைமுறை. ராட்டை, கிராமத் தொழில் என்றாலே அவருக்கு எரிச்சல்.

23 மார்ச், பிற்சேர்க்கை

டாக்கா வக்கீல் கதையைச் சொல்லாமல் விட்டேன். சாஹாவே எழுதியது. தன் கண்டுபிடிப்பைப் பற்றி விசாரித்த ஒரு வக்கீலிடம் நட்சத்திரம், அயனியாக்கம் என்று உற்சாகமாக விளக்குகிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வக்கீல் சொல்கிறார்: இதில் என்ன புதுசு, இதெல்லாம் வேதத்திலேயே இருக்கிறதே. பொறுத்துப் பார்த்த சாஹா, எந்த வேதத்தில் எந்த இடத்தில் என்று கேட்கிறார். வக்கீல் வேதம் எதையும் படித்ததில்லை. ஆனால் இருக்கிறது.

இந்த வக்கீல் இப்போது எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறார்.

25 மார்ச்

இரண்டு நாளாக யோசித்ததில், 21-ஆம் தேதி இரவு எழுதிய "நழுவல்" என்ற சொல் கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. அந்தக் கணக்கில் இரண்டு சமாச்சாரங்கள் கலந்திருக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, சூரிய சித்தாந்தத்தின் வருடம் நட்சத்திர வருடத்தைவிட மூன்றரை நிமிடம் அதிகம். இது அளவையில் வந்த பிழை. அந்தக் காலத்துக் கருவிகளுக்கு அது அற்புதமான துல்லியம்தான், ஆனாலும் பிழை பிழைதான். இன்று யார் அளந்தாலும் தெரிந்துவிடும்.

இரண்டு, வருடத்தை நட்சத்திரத்தை வைத்துத் தொடங்குவதா, சம இரவை வைத்துத் தொடங்குவதா? இது பிழையே இல்லை. தேர்வு. மழை, அறுவடையோடு மாதம் ஒட்டி நிற்க வேண்டுமானால் சம இரவு. வானத்தில் குறிப்பிட்ட நட்சத்திரத்துக்குச் சூரியன் வருவதுதான் முக்கியம் என்றால் நட்சத்திர வருடம். பூமியின் அச்சு இதில் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை.

சாஹாவின் கோபம் இரண்டையும் ஒன்றாக்கியது. பஞ்சாங்கக்காரர்கள் தவறான கணக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், நாடு முழுக்கத் தப்பான நாளில் பண்டிகை கொண்டாடுகிறது என்பது அவர் பார்வை. ஆனால் சித்திரை முதல் தேதியன்று கோயிலுக்குப் போகிற பாட்டி, "இன்று பகலும் இரவும் சமம்" என்று எங்கேயும் உரிமை கோரவில்லையே. எதை மறுத்தோம் நாம்?

என் வகுப்பறையிலும் இதே கலப்படத்தைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அளந்து முடிவு காண வேண்டியதை விவாதம் செய்வோம். விவாதித்து முடிவு செய்ய வேண்டியதை, "அறிவியல் சொல்லிவிட்டது" என்று மேசையைத் தட்டி முடித்துவிடுவோம்.

29 மார்ச்

இன்று காலையிலிருந்து போன் ஓயவில்லை. வானத்தைப் பார்த்து அளந்து கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி இன்று சனிப்பெயர்ச்சி. பழைய அட்டவணைகளை மனப்பாட வாக்கியங்களாக வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6-இல்தான் என்று திருநள்ளாறு கோயில் சொல்லிவிட்டது. போன தடவையும் இதே கதை: திருக்கணிதம் 2023 ஜனவரி 17, வாக்கியம் 2023 டிசம்பர் 20. "சார், நீங்க பிசிக்ஸ், எது சரின்னு சொல்லுங்க."

சனி ஒன்றுதான். இப்போது சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் வெறும் கண்ணுக்கு அகப்படாது, கொஞ்ச நாள் போனால் விடியற்காலைக் கிழக்கில் பார்க்கலாம். அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் திருக்கணிதம் பக்கம்தான் தொலைநோக்கியும் நிற்கிறது. வாக்கியம் சொல்கிற இடத்துக்கும் அசல் சனிக்கும் இப்போது சுமார் எட்டு பாகை இடைவெளி. முழு நிலாவின் அகலம் அரைப் பாகை. பதினாறு நிலாக்களை வரிசையாக நிறுத்தலாம்.

நளன் குளத்தில் எப்போது குளிக்க வேண்டும் என்பது கேள்வி என்றால் கோயிலைக் கேளுங்கள். அது அவர்கள் முடிவு. பேருந்து, போலீஸ், தங்கும் விடுதி எல்லாம் அந்தத் தேதியைத்தான் பின்பற்றும். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

(ராசிக்கட்டத்தில் சனி எந்த வீட்டில் இருந்தாலும் உங்கள் புரமோஷனை அது நிறுத்தாது என்பது என் கருத்து. அதை யாரும் கேட்கவில்லை.)

30 மார்ச்

வாக்கியப் பஞ்சாங்கம் என்றால் மூடநம்பிக்கை என்று நேற்றைய குறிப்புக்குக் கீழே சிலர் குதித்திருப்பதால் இது.

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்தார். 1761-இல் புதுச்சேரி போரில் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியாமல் கப்பலில் மாட்டிக்கொண்டார். 1769-இல் புதுச்சேரியிலேயே காத்திருந்தார். அன்று காலை மேகம். இந்தத் துரதிர்ஷ்டக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அங்கே இருந்த காலத்தில் அவர் தமிழ்க் கணக்கரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார் என்பதைக் குறைவாகத்தான் சொல்கிறார்கள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவின் தலைசிறந்த நிலாக் கணக்கான மாயர் அட்டவணை 68 விநாடி அதிகமாகச் சொன்னது.

இன்னொன்று 1825. சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணக்கரைச் சந்திக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே அந்த வருடம் மே மாத இறுதியில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23, முடிவில் 52. பிழை இருக்கிறதுதான். ஆனால் தலையில் சுமந்து வந்த அட்டவணையை வைத்து அந்த அளவுக்கு! நான் எம்.எஸ்சி. வகுப்பில் கால்குலேட்டரோடு கொடுத்த வீட்டுப் பாடத்துக்கு வந்த விடைகளை இங்கே சொல்லப்போவதில்லை.

சரி, இத்தனை திறமை இருந்தும் கணக்கு ஏன் தேங்கியது? கணித்தவர்கள் வானத்தைத் திரும்பப் பார்த்துத் திருத்துவதை நிறுத்தியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதைச் செய்ய முயன்றவர் நம் ஊரிலேயே இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி, சென்னை வானாய்வக உதவியாளர். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனை (ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம்) கண்டுபிடித்தவர். 1874 சுக்கிரக் கடப்புக்கு இந்திய மொழிகளில் விளக்க நூல் எழுதி வெளியிட்டார். பார்த்து அளந்த கணக்கில் திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். பஞ்சாங்கக் குடும்பத்து ஆள், தொலைநோக்கியும் கையில். திருக்கணிதம் இன்று இவ்வளவு வீடுகளில் இருப்பதற்கு இப்படி உள்ளிருந்து வந்தவர்களும் ஒரு காரணம். டெல்லி அரசாணையால் இவ்வளவு தூரம் வர முடியவில்லை.

2 ஏப்ரல்

மேலே உள்ள குறிப்பை, "பஞ்சாங்கம் நூற்றுக்கு நூறு அறிவியல்: பேராசிரியர் ஒப்புதல்" என்று தலைப்புப் போட்டுப் பகிர்ந்திருக்கிறார்கள். ஒப்புதல் எதுவும் தரவில்லை. கிரகணம் எப்போது என்று கணிப்பது ஒன்று. கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண்ணைச் சோறு தண்ணி இல்லாமல் இருட்டறையில் உட்கார வைப்பது இன்னொன்று. முதலாவது கணிதம், இரண்டாவது கொடுமை.

2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்துக்குத் திண்டுக்கல் பக்கம் மாணவர்களோடு போயிருந்தோம். பாதுகாப்புக் கண்ணாடி, ஊசித்துளை அட்டை, எல்லாம் தயார். ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. கதவுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது தெரிந்தது, வெளியே வரவில்லை. நான் வழக்கமான உரையைத் தொடங்கினேன்: சூரியன், நிலா, நிழல், பயப்பட ஒன்றுமில்லை. யாரும் அசையவில்லை. எங்கள் மாணவி ஒருத்திக்கு அது தாய்மாமன் ஊர். அவள் நேராக ஒரு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, "அத்தை, ஊறுகாய் இருக்கா?" என்று கேட்டாள். அத்தை ஊறுகாயோடு வெளியே வந்தார். பின்னாலேயே பிள்ளைகள் வந்தார்கள். வளையம் தெரிந்தபோது எங்கள் கண்ணாடிகள் பற்றவில்லை.

6 ஏப்ரல்

"கடுமையாக அமல்படுத்தியிருந்தால் சாஹா நாள்காட்டி வென்றிருக்கும்" என்பவருக்கு:

பிரான்ஸ் செய்து பார்த்தது. புரட்சி அரசு 1793-இல் புது நாள்காட்டி கொண்டுவந்தது. லாக்ராஞ்சு போன்ற கணித மேதைகளே குழுவில் இருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் சரியாக 30 நாள், வாரத்துக்குப் பதில் பத்து நாள் கொண்ட தொகுதி. தசமக் கணக்கு, அழகோ அழகு. ஏழு நாளுக்கு ஒரு ஓய்வு பெற்றுவந்த தொழிலாளிக்கு இனிமேல் பத்து நாளுக்கு ஒரு ஓய்வு என்பதை மேதைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழிலாளி எடுத்துக்கொண்டார். 1805-இல் நெப்போலியன் அதை ஒழித்தபோது, பழைய நாள்காட்டிக்கே திரும்பலாம் என்று செனட்டில் அறிக்கை வைத்தவர் லாப்லாஸ். வான இயக்கவியலின் பெரிய தலை. கணக்குத் தெரியாதவர்கள் தோற்கடித்தார்கள் என்று சொல்ல வழியில்லை.

சோவியத் ஒன்றியம் 1929-இல் ஐந்து நாள் வாரம் கொண்டுவந்தது. கணவனுக்கு ஒரு நாள் விடுமுறை, மனைவிக்கு வேறு நாள். 1940-இல் ஏழுக்கே திரும்பினார்கள்.

சாஹாவும் உலக அளவில் முயன்றார். இந்தியா ஐ.நா.வில் உலக நாள்காட்டி ஒன்றை முன்மொழிந்தது. 1954-இல் ஜெனீவாவுக்குப் போய் அதற்காக வாதாடினார். அந்தத் திட்டத்தில் வருடக் கடைசியில் ஒரு நாள் எந்தக் கிழமையிலும் சேராது. யூதர்களும் சில கிறித்தவச் சபைகளும் தங்கள் ஓய்வுநாள் சுழற்சி அறுந்துபோகும் என்றார்கள். முடிந்தது கதை.

9 ஏப்ரல்

இத்தனை நாளும் சாஹா தோற்றார் என்றே எழுதிவந்திருக்கிறேன். அது பாதிக் கதைதான். அறிக்கையின் இன்னொரு பாதி சத்தமில்லாமல் ஜெயித்தது.

சமயக் காரியங்களுக்கு நட்சத்திர முறையே இருக்கட்டும், ஆனால் எல்லோரும் ஒரே அயனாம்சத்தை (சம இரவுப் புள்ளிக்கும் நட்சத்திர முறையின் தொடக்கப் புள்ளிக்கும் உள்ள கோண இடைவெளி) பயன்படுத்துங்கள் என்று குழு சமரசம் செய்தது. 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை (60 கலை ஒரு பாகை) என்று ஒரு மதிப்பைக் கொடுத்தது. இன்று உங்கள் செல்போனில் இருக்கும் எந்த ஜாதகச் செயலியையும் திறந்து அமைப்புகளுக்குள் போனால் "லாஹிரி அயனாம்சம்" என்று இருக்கும். குழுவின் செயலாளர் பெயர்தான். அரசின் ராஷ்ட்ரிய பஞ்சாங்கமும், கொல்கத்தாவின் வான்பொருள் நிலைக் கணிப்பு மையம் தரும் கோள் நிலைகளும் பஞ்சாங்கக்காரர்களுக்குப் பயன்படுகின்றன.

மக்கள் பழக்கத்தை மாற்றச் சொன்னது சுவருக்கு வரவில்லை. ஏற்கெனவே கணக்குப் போடுகிறவர்களுக்கு நல்ல எண்ணைக் கொடுத்தது எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. சோதிடத்தைத் துளியும் மதிக்காத இயற்பியலாளரின் குழுவால் நாட்டின் ஜாதகங்கள் துல்லியமாகின. இதை நினைத்துச் சிரிப்பதா, தலையில் கைவைத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நாளுக்கு ஒரு மாதிரித் தோன்றுகிறது.

ஒரு நூலகக் கூட்டத்தில் இந்த அச்சுத் தள்ளாட்டத்தைப் படம் போட்டு விளக்கினேன். நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் வயதான ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரிங்க தம்பி. எங்க அப்பா திதி நாள் மாறுமா மாறாதா?" என்னிடம் வந்த கேள்விகளில் இவ்வளவு கூர்மையானது குறைவு. மாறாது. திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே உள்ள கோணம், 12 பாகைக்கு ஒரு திதி. ராசிச் சக்கரத்தை எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாலும் இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் அதேதான். அவருடைய அப்பா இறந்த மாதத்தின் பெயர் வேண்டுமானால் மாறலாம், நட்சத்திரம் மாறலாம், திதி அசையாது. அதைச் சொன்னதும் அவர் மலர்ந்துவிட்டார், பிறகு அரை மணி நேரம் அவரேதான் கேள்வி கேட்டார். நான் அந்தப் பதிலிலிருந்து தொடங்கியிருந்தால் மற்றவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

14 ஏப்ரல்

விசுவாவசு வருட வாழ்த்துகள். "தை முதல் நாளா, சித்திரை முதல் நாளா, அறிவியல் என்ன சொல்கிறது?" என்று எதிர்பார்த்தபடியே வந்துவிட்டது.

ஒன்றும் சொல்லவில்லை. 2008-இல் சட்டமன்றம் தை என்றது, 2011-இல் சட்டமன்றமே சித்திரை என்றது. இரண்டு நாளுமே இன்று சம இரவிலும் இல்லை, சூரியன் திரும்பும் நாளிலும் இல்லை. சண்டை போடுங்கள், வரலாற்றை வைத்து, இலக்கியத்தை வைத்து, அரசியலை வைத்து. இயற்பியலை நடுவில் இழுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இன்று மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம். தையில் சர்க்கரைப் பொங்கல். எனக்கு இரண்டும் வேண்டும்.

17 ஏப்ரல்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், கொஞ்சம் கோபமாக. "அப்படியானால் விஞ்ஞானி வாயை மூடிக்கொண்டு ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்கிறீர்களா?"

சாஹாவையே பாருங்கள். 1952 தேர்தலில் வடமேற்குக் கல்கத்தாவில் சுயேச்சையாக நின்று மக்களவைக்குப் போனார். ஆய்வகம் வைத்திருந்த மனிதர், ஓட்டுக் கேட்டு வீதியில் நடந்தார். 1954 மே மாதம் அணுசக்தி பற்றி அவையில் விவாதம் நடந்தது. இவ்வளவு ரகசியம் எதற்கு, பல்கலைக்கழகங்களை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூடிய அமைப்புக்குள் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டார். அணு இயற்பியல் நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவரே கேட்டார் என்பதால் அந்தக் கேள்விக்குக் கனம் இருந்தது. வெல்லவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் இயற்பியலாளர் ஹோமி பாபாவின் தலைமையில் அணுசக்தித் துறை உருவானது, பிரதமரின் நேரடிப் பொறுப்பில்.

எனக்கு நாள்காட்டிச் சாஹாவைவிட இந்தச் சாஹாவைத்தான் பிடிக்கிறது. அவையில் நின்றபோது "நான் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், நான் சொல்வதுதான் சரி" என்பதல்ல அவர் வாதம். பணம் யாருடையது, முடிவு யார் எடுக்கிறார்கள், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று ஓட்டு வாங்கி வந்தவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். துறை தெரிந்தவர் என்பதால் மழுப்பலான பதிலை அடையாளம் காணவும் முடிந்தது. நாள்காட்டி விஷயத்தில் அவரே அரசாணையின் பக்கம் நின்றார். பஞ்சாங்கம் கணித்தவர்களும் சிலர் குழுவில் இருந்தார்கள்தான், ஆனால் அந்தப் பாட்டியை யாரும் கேட்கவில்லை.

வாயை மூடச் சொல்லவில்லை. எங்கே நின்று பேசுகிறோம் என்று பார்க்கச் சொல்கிறேன்.

18 ஏப்ரல்

நேற்றைய கடைசி வரியைப் பார்த்து, "அரசியலுக்கு வருகிறீர்களா சார்?" என்று மூன்று பேர். டெபாசிட் தொகை யார் கட்டுவது?

21 ஏப்ரல்

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்ட ஏதாவது செய்முறை உண்டா என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். உண்டு, செலவில்லை. வரும் வியாழன் 24-ஆம் தேதி சென்னையில் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும், செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. பகல் 12 மணி 7 நிமிட வாக்கில் பாருங்கள். கடிகாரத்தில் 12 ஆகும்போதே பார்த்துவிட்டுப் போகாதீர்கள், நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுவது, சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது. மதுரை, தஞ்சாவூரில் இது முன்பே நடந்து முடிந்துவிட்டது, தெற்கே போகப்போக முந்தைய தேதி. குச்சிக்குப் பதில் தண்ணீர்க் குழாய்த் துண்டை நிறுத்தினால் இன்னும் நன்றாகத் தெரியும், உள்ளே முழு வெளிச்சம் தரையைத் தொடும். அரை மணி நேரத்துக்கு ஐந்து நிமிட இடைவெளியில் நிழல் நுனியைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். மேகம் வந்து கெடுத்தால் ஆகஸ்ட் 18 அன்று மறுபடி ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அப்போதும் மேகம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் வியாழனை விடாதீர்கள்.